கோபத்துக்கும் தேதி உண்டு

வலிப்பு நோய்க்கான புறநோயாளிப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்த எவருக்கும் ஒரு புகார் பழகிப்போயிருக்கும். மாத்திரை வாங்க வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, உடன் வந்த மனைவியோ அண்ணனோ மேசைப் பக்கம் குனிந்து சொல்வார்கள்: "ஃபிட்ஸ்கூட இப்போ பரவாயில்லைங்க டாக்டர், இந்தக் குணத்தைத்தான் எங்களால தாங்க முடியல." எடுத்ததற்கெல்லாம் கோபம், யாரையும் நம்பாமை, பேசியதையே திரும்பத் திரும்பப் பேசுவது, வேலையில் நிலைக்காமை, சில வேளைகளில் கையை அறுத்துக்கொள்வது என்று அந்தக் குணத்துக்குப் பல வடிவங்கள். மருத்துவர் கேட்டுக்கொள்வார். ஓ.பி. சீட்டில் 'ஆளுமைக் கோளாறு' என்று ஒரு வரி ஏறும். ஏறிய வரி பிறகு இறங்குவதில்லை. அடுத்து வரும் மருத்துவர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார். இத்தனை காலம் இந்தத் துறையில் இருந்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு ஒன்றுதான். வலிப்போடு வாழும் ஒருவரின் நடத்தையைக் குணம் என்று எழுதும் முன், அது எந்த வயதில் தொடங்கியது, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்ற காலக்கணக்கைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால், குணம் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி வலிப்பின் வேலையாகவோ மருந்தின் வேலையாகவோ மனச்சோர்வாகவோ இருக்கும். மீதி இருப்பதுதான் ஆளுமைக் கோளாறு. அதுவும் உண்மையானது, அதற்கும் வைத்தியம் வேண்டும்.

வலிப்பு வந்தவருக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பலவீனம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மனநல மருத்துவர்கள் வலிப்பைப் பற்றி எழுதியதெல்லாம் பெரும்பாலும் மனநோய்க் காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்களைப் பார்த்து எழுதியது. வலிப்பு வந்தும் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அந்த மருத்துவர்களின் கண்ணில் படவே இல்லை. காப்பகத்தில் இருந்தவர்களுக்கு வேறு மூளைக் காயங்களும் இருந்தன, ஆண்டுக்கணக்கான அடைப்பும் இருந்தது. 1857-இல் சார்லஸ் லோகாக் புரோமைடு வலிப்பைக் குறைக்கிறது என்று சொன்ன பிறகு அது எல்லாக் காப்பகங்களிலும் தாராளமாகப் புகட்டப்பட்டது. புரோமைடு உடம்பில் தேங்கினால் மந்தம், எரிச்சல், குழப்பம், சில நேரம் பித்தநிலை எல்லாம் வரும். அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்துவிட்டு 'வலிப்பு நோயாளி மந்தமானவன், சிடுசிடுப்பானவன்' என்று பாடப்புத்தகம் எழுதினார்கள். இத்தாலியின் லாம்ப்ரோஸோ ஒரு படி மேலே போய், பிறவிக் குற்றவாளிக்கும் வலிப்புக்கும் அடிவேர் ஒன்று என்றார். இந்த எண்ணங்கள் ஏட்டோடு நிற்கவில்லை. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அனுமதித்த வழக்கு, வர்ஜீனியாவில் வலிப்பு நோயாளிகளுக்கும் அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கும் என்று நடத்தப்பட்ட காப்பகத்திலிருந்துதான் வந்தது. 1933-இல் ஜெர்மனியில் நாஜி அரசு கொண்டுவந்த கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. நம் நாட்டிலும், 1976 திருத்தத்தில் இந்து திருமணச் சட்டம் பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் வைத்தது. 'அல்லது வலிப்பு' என்ற அந்தச் சொற்களை நீக்க 1999 வரை ஆயிற்று. சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது, வரன் பார்க்கும் கூடங்களிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

மூளை மின் அலைப் பதிவு (இ.இ.ஜி.) வந்ததும் பழைய எண்ணம் புது உடை போட்டுக்கொண்டது. ஹான்ஸ் பெர்கர் 1929-இல் மனித மூளையின் மின் அலைகளை வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் இ.இ.ஜி. எங்கும் பரவியது. பல வலிப்புகள் டெம்போரல் மடலிலிருந்து, அதாவது காதுப் பக்கம் உள்ளே இருக்கும் மூளைப் பகுதியிலிருந்து கிளம்புவது தெரிந்தது. நினைவுக்கும் பயத்துக்கும் கோபத்துக்கும் வேண்டிய ஹிப்போகாம்பஸும் அமிக்டலாவும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே அங்கே ஓயாமல் பொறி தட்டினால் குணமும் மாறத்தானே செய்யும் என்ற வாதம் வலுப்பெற்றது. 1975-இல் பாஸ்டனில் ஸ்டீபன் வாக்ஸ்மனும் நார்மன் கெஷ்விண்டும் ஒரு தொகுப்பை விவரித்தார்கள்: பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவது, மதத்திலும் தத்துவத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு, பாலுணர்வில் நாட்டக் குறைவு, விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டு பேசும் தன்மை. 1977-இல் பேர், ஃபெடியோ என்ற இருவர் 18 குணங்களைப் பட்டியலிட்டு, டெம்போரல் வலிப்பு உள்ள 27 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்து, அந்தக் குணங்கள் அவர்களிடம் மிகுந்திருப்பதாகச் சொன்னார்கள். உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் இதை நெட்டுருப் போட்டார்கள். 1982-இல் டான் மங்கஸ் என்ற ஆய்வாளர் இதே கேள்விகளை வலிப்பு இல்லாத மனநோயாளிகளிடமும் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த மதிப்பெண்கள் டெம்போரல் வலிப்புக்கே உரியவையாக இல்லை. பொதுவான மனத்துன்பத்தின் அளவைத்தான் காட்டின. வலிப்பாளரை நலமாக இருப்பவரோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாமே வலிப்பின் குணமாகத் தெரியும். மனத்துன்பத்தோடு இருக்கும் இன்னொருவரோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு கரைந்துபோகிறது.

கெஷ்விண்ட் பொய் சொல்லவில்லை. அவர் விவரித்த மாதிரியான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் சிலரே இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு எல்லோரையும் அளந்ததில்தான் கோளாறு. ஒட்டிக்கொண்டு பேசும் தன்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அறைக்குள் வந்து, தேதி சொல்லத் தொடங்கி, அந்தத் தேதியில் யார் வீட்டுக் கல்யாணம், பஸ்ஸில் யார் பக்கத்து இருக்கை என்றெல்லாம் போய், விடைபெற எழுந்தவர் கதவருகே நின்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். குணம் என்று தோன்றும். நிதானமாகக் கவனித்தால், சாதாரணப் பொருள்களின் பெயர் அவருக்குச் சட்டென்று நாக்கில் வராது. 'அதுதான் டாக்டர், அந்த இது' என்று சுற்றி வளைப்பார். இடப்பக்க டெம்போரல் மடலில் கோளாறு இருந்தால் சொல் தேடுவதே பெரும்பாடு. இப்போது சொன்னதைச் சொன்னோமா என்ற ஐயமும் இருக்கும், ஏனென்றால் நினைவும் அங்கேதான் அடிபட்டிருக்கிறது. மாத்திரை சிந்தனையின் வேகத்தைக் குறைத்திருக்கும். இவற்றோடு, தன் பேச்சைக் கேட்க வேறு ஆளில்லாத வாழ்க்கையும் சேரும்போது கிடைத்த காதை அவர் எப்படி விடுவார்? இத்தனையும் ஒரே ஆளுக்குள் சேர்ந்து நிற்பதைப் 'பிசுபிசுப்பான ஆளுமை' என்று எழுதினால் எதற்கும் வழி பிறக்காது. நினைவுச் சோதனை செய்து, மருந்தின் அளவைக் குறைத்து, சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் அவருடைய பேச்சு பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம்.

குணத்தை அறுத்து எடுக்கலாம் என்று நம்பிய காலமும் இருந்தது. அதற்குச் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1960-களின் இறுதியிலும் எழுபதுகளிலும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா, பி. ராமமூர்த்தி ஆகியோர், கட்டுப்படாத ஆவேசமும் ஓயாத பரபரப்பும் கொண்டவர்களுக்கு அமிக்டலாவைக் குறிபார்த்துச் சிதைக்கும் அறுவையைச் செய்து, உலக இதழ்களில் எழுதினார்கள். வேறு வழியே இல்லாத, சங்கிலியில் கிடந்த நோயாளிகளுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பிலிருந்து பிறந்த முயற்சி அது. அன்றைக்குக் கையில் இருந்த மருந்துகள் சொற்பம். இன்று அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியின் தெளிந்த சம்மதமும் உரிய மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் மனநோய்க்கான மூளை அறுவை கூடாது என்கிறது. வலிப்புக்கான அறுவை வேறு. வலிப்பு கிளம்பும் இடத்தை எடுப்பது அது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் நடக்கும் அந்த வைத்தியம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆனால் குணத்துக்காக அந்த அறுவையைக் கேட்டு வரும் குடும்பங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலிப்பு நின்ற பிறகு பலருக்கு மனம் தெளிகிறது. சிலருக்கு முன்பு இல்லாத சோர்வும் வருகிறது. நோயாளியாகவே இருபது ஆண்டு வாழ்ந்தவர், நோயில்லாத மனிதராக வாழப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

என் தலைமுறை மருத்துவர்கள் கண்ணெதிரே பார்த்த பெரிய மாற்றம் மருந்தில்தான். குணத்தைப் பற்றிய பாடத்தையும் மருந்துதான் எங்களுக்கு நடத்தியது. 1912-இல் வந்த ஃபீனோபார்பிடோன்தான் வெகுகாலம் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் முதல் மாத்திரை. கார்டினால் என்று எல்லோருக்கும் தெரிந்தது. விலை மலிவு, இராத்திரி ஒரு வேளை போதும். ஆனால் அது பெரியவர்களை மந்தமாக்கும், சோர்வில் ஆழ்த்தும். குழந்தைகளைத் துறுதுறுவென்று அலையவைக்கும். 1938-இல் வந்த ஃபெனிடாயின், அதாவது எப்டாயின், மந்தத்தைக் குறைத்தது. கார்பமசெபினும் வால்புரோயேட்டும் பரவலானபோது, சிடுசிடுப்பு வலிப்பாளரின் பிறவிக் குணம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மாத்திரை மாறியதும் குணமும் மாறியது. 2000-க்குப் பிறகு லெவெடிரசெட்டம் வந்தது. வேகமாக ஏற்றலாம், மற்ற மருந்துகளோடு சண்டையிடாது என்பதால் இன்று மருத்துவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் அதைத்தான். நல்ல மருந்து. ஆனால் அமெரிக்க அங்கீகாரத்துக்காக நடந்த சோதனைகளில் அதை உட்கொண்ட பெரியவர்களில் 100-க்கு 13 பேருக்கு எரிச்சல், ஆவேசம், மனக்குழப்பம் போன்ற நடத்தை மாற்றங்கள் வந்தன; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 6 பேருக்கு. நம் ஓ.பி.யில் அந்த வேறுபாட்டின் பொருள் இதுதான்: மருந்து தொடங்கிய மூன்றாவது வாரம் கணவர் தட்டை விட்டெறிந்தார் என்று ஒரு மனைவி சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அவர்களுடைய தாம்பத்தியத்தை அல்ல, மருந்துச் சீட்டின் தேதியை. மருந்தை மெல்ல மாற்றினால் அந்தக் கோபம் போய்விடுவதைப் பலமுறை பார்க்கலாம். பழைய புரோமைடுக் காலத்தில் நடந்தது இன்றும் வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது.

மருந்துக்கு அடுத்து, வலிப்பே தன் நேரத்தைச் சுற்றிக் குணத்தைப் போலத் தோன்றும் பலவற்றை உண்டாக்குகிறது. வலிப்பு வருவதற்கு முதல் நாளே சிலர் காரணமின்றி எரிந்து விழுவார்கள். வீட்டில் அம்மா அதைப் பார்த்தே 'நாளைக்கு வரும்' என்று சொல்லிவிடுவார். அமிக்டலாவில் தொடங்கும் சிறு வலிப்பு அரை நிமிட பயமாக மட்டுமே வந்து போகலாம். பார்க்கிறவருக்கு அது கோழைத்தனமாகவோ படபடப்பு நோயாகவோ தெரியும். தொடர்ச்சியாகப் பல வலிப்புகள் வந்து, ஓரிரு நாள் தெளிவாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று சந்தேகமும் கடவுள் பேச்சும் ஆவேசமுமாக மாறுவது வலிப்புக்குப் பிந்திய மனநோய். நடுவில் இருக்கும் அந்தத் தெளிந்த நாட்களால்தான் குடும்பம் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. இவை போக, வலிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் சில மணி முதல் இரண்டு மூன்று நாள் வரை நீடிக்கும் ஒரு கலங்கல் மனநிலை உண்டு. சோர்வு, எரிச்சல், பயம், தூக்கமின்மை, உடம்பு வலி எல்லாம் கலந்து வந்து தானே போகும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பெலின் இதை விவரித்திருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம், வந்து போவது. ஆளுமைக் கோளாறு வந்து போவதில்லை. அது பதின்பருவத்தில் தலைகாட்டி, வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் ஒரே விதமாக, ஆண்டுக்கணக்கில் தொடர்வது.

இதைப் பிரித்தறிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தில் நான்கு கோடு: தேதி, வலிப்பு, மாத்திரை, மனநிலை. வலிப்பு வந்த நாளில் ஒரு புள்ளி, மாத்திரை தவறிய நாளில் ஒரு பெருக்கல் குறி, மாத்திரையின் அளவு மாறிய நாளில் ஒரு வட்டம், சண்டை நடந்த நாளில் 'ச' என்ற ஓர் எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில்கூடப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இதைச் செய்யும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் 'ச' எழுத்துகள் எங்கே கூட்டமாக விழுந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். புள்ளிகளை ஒட்டி விழுந்திருந்தால் வலிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும். வட்டத்துக்குப் பின் விழத் தொடங்கியிருந்தால் மருந்தை மாற்ற வேண்டும். எதையும் ஒட்டாமல் மூன்று நாளுக்குக் கொத்துக் கொத்தாக விழுந்திருந்தால் மனச்சோர்வுக்கு வைத்தியம் வேண்டும். மூன்று மாதமும் ஒரே அடர்த்தியாகப் பரவிக் கிடந்தால்தான் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். வீட்டில் மட்டும் 'ச', வேலை செய்யும் கடையில் ஒன்றுமில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இந்த நோட்டுக்கு ஈடான கருவி எங்கள் துறையில் இன்றுவரை வரவில்லை.

இதற்கு எதிராக, குணத்துக்கும் வலிப்புக்கும் மூளையிலேயே தொடர்பு உண்டு என்று சொல்பவர்களிடம் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. 1957-இல் டீட்டர் யான்ஸ் விவரித்த இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பு அது. பதின்பருவத்தில் தொடங்கும், காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து டம்ளர் தவறும், தூக்கம் கெட்டாலோ குடித்தாலோ பெரிய வலிப்பு வரும். இவர்களில் பலர் இனிமையாகப் பழகுவார்கள், ஆனால் சொன்ன சொல்லில் நிற்க மாட்டார்கள், மாத்திரையை மறப்பார்கள், கூடாது என்று சொன்ன இராத்திரி விழிப்பைத்தான் செய்வார்கள் என்று யான்ஸே எழுதினார். பிற்காலச் சோதனைகளில், திட்டமிடுதல், தூண்டுதலை அடக்குதல் போன்ற முன்மூளை வேலைகளில் இவர்கள் சற்றுப் பின்தங்குவது தெரிந்தது. வலிப்பே இல்லாத உடன்பிறப்புகளிடமும் அதன் சாயல் இருந்தது. ஆக, இங்கே வலிப்பும் குணமும் ஒரே மூளை அமைப்பின் இரு வெளிப்பாடுகள். இது என் வாதத்தை உடைக்கிறதா? இல்லை, கூர்மையாக்குகிறது. எல்லா வலிப்புக்கும் பொதுவான ஒரு குணம் கிடையாது என்பதையும், குறிப்பிட்ட வலிப்பு வகைக்குக் குறிப்பிட்ட மனப்பாங்கு சேர்ந்து வரலாம் என்பதையும் இது சேர்த்தே காட்டுகிறது. அப்படியான இளைஞரைப் 'பொறுப்பில்லாதவன்' என்று திட்டுவதைவிட, ஒரு நாளைக்கு ஒரே வேளை மாத்திரையாக மாற்றிக்கொடுப்பதும், கைபேசியில் அலாரம் வைக்கச் சொல்வதும், இரவுப் பணி இல்லாத வேலையைத் தேடச் சொல்வதும் பலன் தருகிறது.

இன்னொரு கடினமான கேள்வி, வலிப்பு குழந்தையிலேயே வந்தவர்களைப் பற்றியது. முப்பது வயதில் வலிப்பு வந்தால் 'முன்பு எப்படி இருந்தார்' என்று கேட்கலாம். ஆறு வயதில் வந்தவருக்கு 'முன்பு' என்று ஒன்று இல்லை. அவருடைய குணமே வலிப்போடு சேர்ந்து வளர்ந்தது. அவர் வளர்ந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். குளத்தில் இறங்காதே, சைக்கிள் ஏறாதே, சுற்றுலாவுக்குப் போகாதே. வகுப்பில் விழுந்த நாளிலிருந்து பக்கத்து இருக்கை காலி. கையில் இரும்புச் சாவியைத் திணித்துச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் நடுவே கண்விழிப்பது. உறவினர் வந்தால் உள்ளே போகச் சொல்வது. மறைத்து நடத்திய திருமணம், மாத்திரை வெளிப்பட்ட நாளில் வந்த பிரிவு. இப்படி வளர்ந்தவரிடம் சந்தேகமும் ஒட்டுதலும் சட்டென்று புண்படுதலும் இருந்தால், அதில் எவ்வளவு மூளையின் பங்கு, எவ்வளவு ஊரின் பங்கு? உடன்பிறந்தவர்களோடு ஒப்பிடுவது, பள்ளியில் கூடப் படித்தவரிடம் விசாரிப்பது, வீட்டை விட்டு விடுதியில் இருந்த காலத்தில் எப்படி இருந்தார் என்று கேட்பது ஆகியவைதான் எங்களிடம் உள்ள வழிகள். முழு விடை கிடைக்காது. ஆனால் வைத்தியத்துக்குப் போதுமான விடை கிடைக்கும். ஐ.சி.டி.-11 என்ற இன்றைய உலக வகைப்பாடு, நோயால் வந்த ஆளுமை மாற்றத்தை ஆளுமைக் கோளாறிலிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைத்திருப்பது இந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும் என்பதற்காகத்தான்.

வன்முறையைப் பற்றிய பயம் எப்போதும் எழுப்பப்படும் மறுப்பு. 'வலிப்பு உள்ளவன் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது' என்று வேலை மறுக்கும் முதலாளியும் சொல்கிறார், பெண் கொடுக்க மறுக்கும் வீடும் சொல்கிறது. 1981-இல் பல நாட்டு வலிப்பு நிபுணர்கள் 18 பேர் கொண்ட குழுவால், 5,400 நோயாளிகளின் பதிவுகளிலிருந்து வலிப்பின்போது வன்முறை இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 19 பேரை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தது. அவர்களின் வீடியோப் பதிவுகளிலும், திட்டமிட்டு ஒருவரைக் குறிவைத்துத் தாக்கும் காட்சி இல்லை. பிடித்து அமுக்கும்போது திமிறுவதும் கை வீசுவதும்தான் பெரும்பாலும் தெரிந்தன. ஸ்வீடனில் 35 ஆண்டுப் பதிவுகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு இதைவிடத் தெளிவானது. வலிப்பு நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 23,000 பேரில் 4.2 சதவீதத்தினர் வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள், பொதுமக்களில் 2.5 சதவீதம். இந்த இடத்தில் நிறுத்தினால் பயம் நியாயம் என்று தோன்றும். அதே நோயாளிகளை வலிப்பில்லாத சொந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. குடும்பச் சூழலும் வறுமையும் செய்த வேலை வலிப்பின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. வலிப்பாளரால் உண்மையில் ஆபத்து அதிகம் யாருக்கு என்றால், அவருக்கே. டென்மார்க்கில் 2007-இல் வெளியான ஆய்வில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. கனடாவின் மக்கள் ஆய்வில், வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு வந்தவர்கள் வலிப்பு உள்ளோரில் 35.5 சதவீதம், இல்லாதோரில் 20.7 சதவீதம். குணம் என்ற வரிக்குள் இந்த மனச்சோர்வுதான் பெரும்பாலும் மறைந்து கிடக்கிறது.

இப்படியெல்லாம் சொன்னால், ஆளுமைக் கோளாறே இல்லை என்கிறீர்களா என்று மனநல மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. வலிப்புகளைப் போலவே தோன்றி, வீடியோ இ.இ.ஜி.யில் மூளை அலை மாறாமல் வரும் மனம் சார்ந்த வலிப்புகளில் அது கூடுதலாகவே காணப்படுகிறது. சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுவோரில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ இந்த வகைதான். ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பதும் உண்டு. 'நடிக்கிறாள்' என்று சொல்லி அனுப்பப்படும் பல பெண்களின் பின்னால் சிறு வயதில் நேர்ந்த கொடுமை இருக்கிறது. அவர்களுக்கு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவது தீங்கு. உண்மையான வலிப்போடு எல்லைநிலை ஆளுமைக் கோளாறும் உள்ளவர்களிடம் வேறோர் ஆபத்து உண்டு. மூன்று மாத ஃபீனோபார்பிடோன் வீட்டில் இருந்தால், அடுத்த சண்டையில் உயிர் போகப் போதுமான விஷம் அலமாரியில் இருக்கிறது என்று பொருள். அத்தகையவருக்குக் குறைந்த ஆபத்துள்ள மருந்தை, பதினைந்து நாளுக்கு மட்டும், வீட்டில் ஒருவர் கையில் கொடுப்பதுதான் முறை. உணர்ச்சி கொந்தளிக்கும்போது அதைத் தாண்டி நிற்கப் பழக்கும் பேச்சு வைத்தியம் இவர்களுக்குப் பலன் தருகிறது; வலிப்பு இருப்பது அதற்குத் தடையில்லை. மனச்சோர்வு மாத்திரை வலிப்பைக் கூட்டும் என்ற பயமும் அளவுக்கு மீறியது. க்ளோமிப்ரமின், ப்யூப்ரோபியான் போன்ற சிலவற்றில் கவனம் வேண்டும். இன்று சாதாரணமாக எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையை வழக்கமான அளவில் தயங்காமல் கொடுக்கலாம். பெயர் சூட்டினால் களங்கம் சேருமே என்று ஆளுமைக் கோளாற்றைச் சொல்லாமல் விடுவதும் கைவிடுவதற்குச் சமம். சரியாகக் கண்டறிந்து, நோயாளிக்கே புரியும்படி சொல்லி, வைத்தியத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பெயர் களங்கமாவதில்லை.

கடைசி மறுப்பு நேரம். நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் எங்கே இடம் என்று கேட்பது நியாயம்தான். நரம்பியல் ஒரு கட்டடத்தில், மனநலம் வேறொரு கட்டடத்தில், ஓ.பி. நாட்களும் வேறு வேறு என்ற ஏற்பாடு நோயாளியை இரண்டாகப் பிளக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது வாரத்தில் ஒரு நாள் இரண்டு துறையும் ஒரே அறையில் உட்கார வேண்டும். புதுக் கருவியோ கட்டடமோ அதற்குத் தேவையில்லை. அது வரும் வரை, இளம் மருத்துவர்களிடம் நான் கேட்பது மூன்று கேள்விகளுக்கான நேரம் மட்டும். இந்த நடத்தை எந்த வயதில், எந்த மாதத்தில் தொடங்கியது? அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் மாத்திரையில் என்ன மாறியது? கடந்த இரண்டு வாரத்தில் வாழ்க்கை போதும் என்று தோன்றியதா? மூன்றையும் கேட்க நான்கு நிமிடம் ஆகாது. குடும்பங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது 'இவர் குணமே இப்படித்தான்' என்று சொல்வதற்குப் பதிலாக, தேதி குறித்த அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். முறையாக வைத்தியம் கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுடைய மனநலத்துக்கும் அதே அக்கறையைக் காட்டினால், குணம் என்று நாம் கைவிட்ட பலரை அவர்களுடைய வீட்டுக்கும் வேலைக்கும் திரும்ப அனுப்ப முடியும்.